ரெண்டு படி இறக்கி

தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் ஒதுங்கி உட்காருங்கள். சன்னலோரம் இவருக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள், இவருக்குக் காற்று வேண்டும், சூடு தாங்க மாட்டார். டிக்கெட் எடுத்திருக்கிறேன். லக்கேஜ் டிக்கெட் இல்லை, ஆள் டிக்கெட். கண்டக்டர் என்னைப் பார்த்து, "பெரிசு, வேட்டி மூட்டைக்குள்ள என்ன, பூசணிக்காயா?" என்றார். "இல்லப்பா, என் கூட்டாளி. எனக்குக் கழுகுமலைக்கு ஒண்ணு, இவருக்கும் கழுகுமலைக்கு ஒண்ணு" என்றேன். வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் இன்னும் உசுரோட வச்சிருக்காங்களா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது போலிருக்கிறது, அந்தத் தைரியம்.

நீங்களும் அப்படித்தான் பார்க்கிறீர்கள். ஆமாம், மானிட்டர்தான். கம்ப்யூட்டர் மானிட்டர். முதுகு வீங்கின பழைய மாடல், குண்டு மானிட்டர். இப்போதெல்லாம் அப்பளம் மாதிரி தட்டையாக வருகிறதே, அதற்குத் தாத்தா.

நீங்கள் எங்கே, சங்கரன்கோவிலா? அட, அப்படியானால் இதில் பாதி உங்கள் ஊர்க் கதை. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை எவ்வளவு தூரம், ஒரு கதைக்குக் காணும். கேளுங்கள்.

என் பெயர் உச்சிமாகாளி. கழுகுமலை பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை, உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். சுற்று வட்டாரத்தில் கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கிற தாய்மார் எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஜாதகத்தோடு சேர்த்துத் தரகர் கையில் ஒரு போட்டோ கொடுத்தனுப்புவார்கள் அல்லவா, பெண் போட்டோ மாப்பிள்ளை வீட்டுக்கு, மாப்பிள்ளை போட்டோ பெண் வீட்டுக்கு? அந்தப் போட்டோ என் கடையில் எடுத்ததாக இருந்தால் தோற்காது. வெயிலில் காய்ந்த முகத்தோடு உள்ளே வருவார்கள், போட்டோவில் பன்னீர் ரோஜா மாதிரி வெளியே போவார்கள். கைராசி. இதை நானே சொல்லக் கூடாது. இருந்தாலும் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

படம் எடுப்பது சின்ன வேலைதான். பாக்கியெல்லாம் கம்ப்யூட்டரில். எண்ணெய் வழிகிற முகத்தைத் துடைக்க வேண்டும், பருவை எடுக்க வேண்டும், வெளிச்சம் போதாவிட்டால் கொஞ்சம் ஏற்ற வேண்டும். இதோ இவர் முன்னால் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றி, எப்போது என் மனசுக்குச் சரி என்று படுகிறதோ அப்போது பிரிண்ட் போடுவேன். இவர் காட்டும்போது சுமாராகத்தான் இருக்கும். பேப்பரில் வந்து விழும்போது பார்க்க வேண்டுமே! ஜொலிக்கும்.

என் மச்சினன் கொம்பையாவுக்கு அது பொறுக்காது. என் வீட்டுக்காரி பிரமுவின் தம்பி. என்னோடு கடையில் பிரிண்ட் எடுப்பதும் பிரேம் போடுவதும் அவன்தான். அவனுக்கே தலை நரைத்துவிட்டது, இன்னும் என்னைக் கேள்வி கேட்கிற பழக்கம் போகவில்லை.

"அது எப்படி அத்தான், உள்ள ஒரு ஆளு இருக்கான், வெளியில வேற ஆளு வாரான்?"

"அதுக்குத்தான் மாப்ளே கைராசின்னு பேரு."

"கைராசியுமில்ல, கால்ராசியுமில்ல. அது கண்ணு மங்கிப்போன மானிட்டர். உங்ககிட்ட பத்தலை பத்தலைங்குது, நீங்க ஏத்திக்கிட்டே போறீங்க. இருட்டுக்குள்ள உக்காந்து வெளிச்சத்தை அளக்குற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

படித்தவன் இல்லையா, இப்படி ஏதாவது சொல்லுவான். நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

இவர் வந்த வரலாறு தெரியுமா? கோவில்பட்டியில் ஒரு டைப் அடிக்கிற இன்ஸ்டிடியூட்டை மூடினார்கள், அங்கிருந்து தூக்கி வந்தேன். முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் பஜாரில் இருக்கிற அத்தனை பல்பும் ஒரு நிமிஷம் மங்கி, இவருக்கு வழி விட்டது. சிரிக்காதீர்கள், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் இவர் முதுகுச் சூட்டுக்கு ஒரு பல்லி வந்து பின்னால் குடியிருந்தது. முட்டையிட்டது. பொரிந்து வந்த குஞ்செல்லாம் என்ன நிறம் என்கிறீர்கள்? வெள்ளை வெளேர். தாய்ப்பல்லிக்கே அடையாளம் தெரியவில்லை, தேடிக்கொண்டு அலைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

பள்ளம் வருகிறது, அவரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆங். நல்ல கை உங்களுக்கு.

எருமை விஷயம் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். ஒருத்தர் இன்சூரன்சுக்கு எருமையைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன், கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினேன், கொடுத்தேன். ஆபீசர் தொழுவத்துக்கு வந்து எருமையைத் தாண்டித் தாண்டிப் போய், "எல்லாம் சரிய்யா, பசு எங்கய்யா?" என்று கேட்டாராம். எருமைக்காரர் என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் என்ன செய்ய? அழகு அதற்குள்ளேயே இருந்திருக்கிறது, நாம் வெளியே கொண்டுவந்தோம்.

ஆனால் இவருக்கும் வயசாகிவிட்டது. பொய் சொல்லக் கூடாது. காலையில் சுவிட்சைப் போட்டால் உடனே எழுந்திருக்க மாட்டார். முதலில் ஒரு மஞ்சள் புள்ளி. பிறகு பச்சையாக ஒரு கோடு. நான் போய் டீ குடித்துவிட்டு வந்து, வலது கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டினால், டிக்காஷனில் பால் கலக்கிற மாதிரி மெதுவாக முகம் தெரியும். கொம்பையா இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான். "ஊரே தட்டை மானிட்டருக்கு மாறிடுச்சு. நீங்க இன்னும் கன்னத்துல அடிச்சு எழுப்பிக்கிட்டிருக்கீங்க. அது மானிட்டரா, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா?"

"நீ எங்க வீட்டுக்கு வந்தா உன்னையும் உங்க அக்கா அப்படித்தான் எழுப்புறா" என்பேன்.

பிரமு உள்ளேயிருந்து கத்துவாள். கடைக்குப் பின்னால்தான் வீடு, எல்லாம் கேட்கும். "வீட்டுல மிக்ஸி குரைச்சுக் குரைச்சு தொண்டை கட்டிப் போச்சு. அதை மாத்துறதுக்கு ஒரு பேச்சைக் காணோம். மானிட்டருக்கு மட்டும் தினமும் பஞ்சாயத்து!"

இப்படியே வருஷக் கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் தளவாய் செத்துப்போனார்.

தளவாய் என்றால் எங்கள் ஊரில் கிணறு வெட்டுகிறவர். வாழ்நாள் முழுக்க வெயிலும் பாறையும்தான். நிறத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மகன் ஒரு சின்னப் படத்தைக் கொண்டுவந்து, பெரிதாக்கி மாலை போட்டு மாட்டுகிற மாதிரி கேட்டான். செய்து கொடுத்தேன். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், "பெரியவர் படத்தை எங்க? இது யாரு, பேங்க் மேனேஜரா?" என்று கேட்டிருக்கிறார்கள். மகன் என்னிடம் ஓடி வந்தான், திருத்திக் கொடுங்கள் என்று. பின்னாலேயே அவன் அம்மா வந்தாள். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். "யாரும் இதைத் தொடக் கூடாது. இந்த மனுசன் ஒரு நாளாச்சும் இந்த நிறத்துல எங்கூட இருந்திருந்தா நான் இத்தனை சண்டை போட்டிருப்பேனா?" என்கிறாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொம்பையாவுக்கு முகம் தொங்கிப் போயிற்று. "அத்தான், தளவாய் அண்ணனை அவர் சொந்தக்காரங்களுக்கே அடையாளம் தெரியலை. இதுக்கு மேலயும் இந்த மானிட்டர் வேணுமா?"

"அவர் பெஞ்சாதிக்குப் பிடிச்சிருக்கு."

"அவங்களுக்குப் புதுப் புருசன் கிடைச்ச சந்தோசம்."

இப்படி வாயாடுகிறவன் தன் மகள் விஷயம் வந்ததும் வாயாடவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன். அவன் மகள் சங்கரகோமதி. கோமு என்று கூப்பிடுவோம். பக்கத்துக் கிராமத்துப் போஸ்ட் ஆபீஸில் வேலை. தினமும் வெயிலில் ஸ்கூட்டரில் போய் வருகிறவள். அப்பா நிறம், அத்தை வாய். உங்கள் ஊரிலிருந்துதான் ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பேர் மகாராஜன். விசைத்தறிச் சேலைக்கு டிசைன் போடுகிறான். நல்ல குடும்பம், ஜாதகம் பொருந்திவிட்டது, தரகர் ஆவுடையப்பன் போட்டோ கேட்டார்.

என் வீட்டுப் பெண் இல்லையா? நான் இவர் முன்னால் உட்கார்ந்து ஆசை ஆசையாகச் செய்தேன். அவ்வளவு அழகாக நான் யாருக்கும் செய்ததில்லை. சந்தனச் சிலை மாதிரி வந்தது. கோமு வாங்கிப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாருக்கு மாமா. யாரு இது?"

எனக்குச் சுருக்கென்றது. "நீதான் தாயி."

"நான் கறுப்பு மாமா. அதுல யாருக்கு என்ன கஷ்டம்? இவளைப் பார்த்துட்டு அவங்க வந்தா, நான் இவளை எங்க போய்க் கூட்டிட்டு வர? வீட்டுக்கு வந்தவங்களுக்குக் காப்பி கொடுக்கப் போறது நான்தானே?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கொம்பையா சிரிக்கவில்லை. "அத்தான், ஊர்ப் பிள்ளைகளுக்கு நீங்க என்ன வேணாலும் பண்ணுங்க. என் மக போட்டோ இருக்கிறபடி இருக்கணும். இன்னைக்கே கோவில்பட்டி போறோம்." பிரமுவும் தம்பி பக்கம் சேர்ந்துகொண்டாள். வீட்டில் நானும் இவரும் மட்டும்தான் ஒரு கட்சி. இவருக்கோ வாய் இல்லை.

கோவில்பட்டியில் ஒரு கடையில் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்குகிற மேளா போட்டிருந்தார்கள். இவரை அங்கே ஒப்படைத்தேன். கடைக்காரர் இவரை ஒரு மூலையில் அடுக்கியிருந்த குவியலில் வைத்தார். எனக்குத் திரும்பிப் பார்க்க மனசு வரவில்லை. பார்த்தேன், அது வேறு விஷயம்.

புதுசு வந்தது. தட்டை. சுவிட்சைப் போட்டதும் எழுந்துவிட்டது, டீ குடிக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. அதில் பழைய படங்களைத் திறந்து பார்க்கிறேன். தம்பி, அத்தனை பேரும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கிறார்கள்! கண்ணும் மூக்கும் எங்கேயோ போய்விட்டது. எவ்வளவு பாடுபட்டு நான் செய்த முகங்கள், எல்லாவற்றையும் புது மானிட்டர் கெடுத்து வைத்திருக்கிறது. கொம்பையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இப்பத்தான் அத்தான் நீங்களும் நானும் ஒரே படத்தைப் பார்க்கிறோம்" என்றான். என்ன அர்த்தத்தில் சொன்னானோ.

கோமு போட்டோவை அதில் செய்தேன். செய்தேன் என்ன, ஒன்றும் செய்யவில்லை. கை வைக்க இடமே இல்லை. அவள் எப்படி இருந்தாளோ அப்படியே உள்ளே இருந்தாள், எப்படி உள்ளே இருந்தாளோ அப்படியே பேப்பரில் வந்தாள். கன்னத்தில் குழி, மூக்குத்தி, நெற்றியில் ஹெல்மெட் பதிந்த கோடு, எல்லாம். இதில் என்ன மகிமை இருக்கிறது, சொல்லுங்கள்? ஆனால் அவள் கையில் வாங்கி, "இது நான்தான் மாமா" என்று சொன்னபோது அவள் அப்பன் சட்டென்று கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

ஆவுடையப்பன் அதை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை போட்டோவைக் கொடுத்தார். பார்த்தால், நம்ம கடை போட்டோ! போன ஆடியில் அந்தப் பையனை அவன் அம்மா என்னிடம் கூட்டி வந்திருக்கிறாள். இவர் காலத்தில் மலர்ந்த முகம். கோமு அந்தப் போட்டோவை வாசல் வெளிச்சத்தில் பார்க்கவில்லை. உள்ளே பீரோ பக்கம் இருட்டான மூலைக்குக் கொண்டுபோய் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "சரி, பிடிச்சிருக்கு" என்றாள். வெளிச்சம் இருக்கும்போது ஏன் இருட்டில் வைத்துப் பார்த்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள்.

இங்கேதான் வினை ஆரம்பித்தது. ஆவுடையப்பன் திரும்பி வந்தார். உட்காராமல் நின்றார். உட்காராத தரகர் நல்ல சேதி கொண்டுவந்ததில்லை.

"பையனோட அம்மா வேண்டாங்காங்க அண்ணாச்சி. நிறம் காணாதாம்."

"போட்டோவைப் பார்த்தியா நீ? பிள்ளை லட்சணமா இல்ல?"

"நான் பார்த்தேன், லட்சணமாத்தான் இருக்கு. ஆனா தப்பா நினைக்காதீங்க, உங்க கடைப் போட்டோன்னா நிறத்தை ரெண்டு படி இறக்கிப் பார்க்கணும். அதுதான் எங்க தொழில்ல வழக்கம். புளியங்குடி, சிவகிரி, திருவேங்கடம், எந்தத் தரகன்கிட்ட வேணாலும் கேளுங்க. உச்சிமாகாளி கடை போட்டோவா, ரெண்டு படி இறக்கு. பொண்ணு வீட்டுக்காரங்களும் அப்படித்தான், மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் அப்படித்தான். இறக்கிப் பார்த்துத்தான் சரின்னு சொல்லுவாங்க, நேர்ல போனா சரியா இருக்கும். ஒரு கல்யாணம் நின்னதில்ல. இந்தப் போட்டோவையும் அந்தம்மா பழக்க தோசத்துல ரெண்டு படி இறக்கிப் பார்த்திருக்காங்க. பொண்ணே தெரியலைங்காங்க. மூக்குத்தி மட்டும்தான் தெரியுதாம்."

"இது இறக்க வேண்டாத போட்டோன்னு நீ சொல்லலையா?"

"சொன்னேனே! எல்லாத் தரகனும் அப்படித்தானய்யா சொல்லுவான்னுட்டாங்க."

கவனித்தீர்களா தம்பி, என் போட்டோவுக்கென்று தனியாக ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். வேறு எந்த ஸ்டூடியோவுக்கு இந்த மரியாதை உண்டு? ஆனால் அன்றைக்கு அதை நினைத்துச் சந்தோஷப்பட முடியவில்லை. கொம்பையாவிடம் கேலி இல்லை, கிண்டல் இல்லை, பிரேமுக்கு ஆணி அடித்துக்கொண்டே இருந்தான். ஒரு வீடு வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வீட்டுக்காரன் ஏன் என்று விசாரிப்பான். விசாரித்தால் இந்த மூக்குத்திக் கதை அவன் காதிலும் விழும். அப்படியே அது ஊர் ஊராகப் போகும். பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். அவனுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். கோமு மட்டும் வழக்கம்போல ஸ்கூட்டரில் வேலைக்குப் போனாள், வந்தாள். ஆனால் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பிரமு சோறு போடும்போது கேட்டாள்: "ஏங்க, இத்தனை வருசத்துல நீங்க உள்ளபடி எடுத்த மொதப் போட்டோ, என் தம்பி மக போட்டோவாத்தான் இருக்கணுமா?"

அவளும் புது மானிட்டருக்குத்தானே ஓட்டுப் போட்டாள் என்று கேட்க நினைத்தேன். ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

ராத்திரி பகலாக யோசித்தேன். எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. போட்டோவில் குற்றம் இல்லை, பெண்ணில் குற்றம் இல்லை. இவரை வெளியே அனுப்பினோம், இவரோடு கைராசியும் போய்விட்டது. அவ்வளவுதான். இவரைத் திரும்பக் கொண்டுவந்து, கோமு போட்டோவை ரெண்டு படி ஏற்றி அனுப்ப வேண்டியது, அவர்கள் ரெண்டு படி இறக்கிப் பார்க்க வேண்டியது, எல்லாம் சமமாகிவிடும். பல் வலி, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு இன்று காலையில் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்து முழித்தார். "பெரியவரே, எல்லாரும் பழசைக் கொடுத்துட்டுப் புதுசை வாங்கிட்டுப் போவாங்க. பழசைக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்." கோடவுனுக்குக் கூட்டிப்போனார். குவியல் குவியலாகக் கிடக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே மூஞ்சி. எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? ஆயுத பூசைக்கு ஆயுத பூசை பிரமு இவர் நெற்றியில் சந்தனப் பொட்டு வைப்பாள். ஒவ்வொரு வருஷப் பொட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து, இதோ பாருங்கள், தடவிப் பாருங்கள், சுண்டைக்காய் மாதிரி. அதைக் கையால் தடவித்தான் பிடித்தேன். பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு எதையோ கேட்டுக்கொண்டு, இவரைச் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிட்டார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

இருங்கள், போன் அடிக்கிறது. ஒரு நிமிஷம்.

யாரு? கோமுவா? சத்தமாப் பேசு தாயி, பஸ்ல இருக்கேன். பல்லா? பல்லுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. இல்ல, இல்ல, வலிச்சுது, இப்ப சரியாப்போச்சு. என்ன? யாரு வந்தா? உங்க போஸ்ட் ஆபீஸுக்கா? எந்த மகாராஜன்? சங்கரன்கோவில் மகாராஜனா! தனியாவா? அவங்க அம்மாவுக்குத் தெரியாமலா? என்ன வாங்க வந்தான்? ஸ்டாம்பா? ஏன், சங்கரன்கோவில்ல ஸ்டாம்பு தீர்ந்துபோச்சா?

சரி. சரி. சொல்லு. உள்ள நுழைஞ்சதும் நீதான்னு தெரிஞ்சுபோச்சாமா? யார்கிட்டயும் கேக்கலையா? என்ன சொன்னான்? போட்டோவுல இருந்த மாதிரியே இருக்கீங்கன்னானா? ம். ம். நீ என்ன சொன்னே? நீங்க அப்படி இல்லியேன்னு சொன்னியா! ஏன் தாயி, அது நான் போட்ட போட்டோல்ல? சிரிச்சானா? ரெண்டு பேருமா?

அவங்க அம்மா என்ன சொல்லுறாங்க? அவனே போன்ல பேசிட்டானா? இறக்காதீங்கம்மா, இருக்கிறபடியேதான் இருக்காங்கன்னு சொன்னானா? வெள்ளிக்கிழமை வாராங்களா? அம்மாவும் வாராங்களா! உங்கப்பன் எங்க? யாரு, கொம்பையாவா அழுதான்? சரி விடு, நான் வந்து பாத்துக்கிடுதேன்.

என்னது? மானிட்டரா? எந்த மானிட்டர்? ஓ, கோவில்பட்டிக் கடைக்காரன் உங்கப்பனுக்குப் போன் போட்டானா. ஆமா தாயி. பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கவா? வேண்டாமா? மாட்டவா? இவரையே மாட்டவா? ஊரு பூரா ரெண்டு படி இறக்கிப் பழகிட்டாங்க, திடீர்னு உள்ளபடி எடுத்தா மத்த பிள்ளைக பாடு திண்டாட்டமா? எல்லாரையும் தேடி எவன் ஸ்டாம்பு வாங்க வருவான்னா? அது சரி. அது சரிதான். உன் கல்யாண ஆல்பம் மட்டும் புதுசுலயா? அதுவும் சரி. வச்சிரு தாயி, வச்சிரு. வாரேன்.

கேட்டீர்களா தம்பி? கேட்காமல் இருக்க முடியாது, முன் சீட்டு அம்மாவே திரும்பிப் பார்த்துவிட்டார்கள். ஆமாம்மா, எங்க வீட்டுப் பிள்ளைதான். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், இவருடைய மகிமை என்ன! இவர் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை, பிளக்கில் மாட்டவில்லை, கன்னத்தில் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. நான் கோடவுனில் பொட்டைத் தடவின நேரமும் அந்தப் பையன் போஸ்ட் ஆபீஸ் வாசல்படி ஏறின நேரமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததற்கே மாப்பிள்ளை தன் காலால் நடந்து வந்துவிட்டான் என்றால், கரண்ட் கொடுத்தால் என்ன ஆகும்? புது மானிட்டர் போட்டோவைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது என்று கொம்பையா சொல்லுவான். சொல்லிவிட்டுப் போகட்டும். மாமனார் ஆகப்போகிறவன், இந்த ஒரு வாரம் அவன் எது சொன்னாலும் சரி என்று சொல்ல வேண்டியதுதான்.

முடிவு பண்ணிவிட்டேன். மேசையில் ரெண்டு பேரும் இருக்கட்டும். கல்யாணத்துக்கு முந்தி எடுக்கிற போட்டோ எல்லாம் இவருக்கு. கல்யாணத்துக்குப் பிந்தி எடுக்கிறதெல்லாம் புதுசுக்கு. அதற்குள் ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்திருப்பார்கள், இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மலை தெரிய ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர் தம்பி, கழுகுமலை ரெண்டு பேர் இறங்கணும், கொஞ்சம் நின்னு போங்க.

ஆமாம், கேட்க மறந்துவிட்டேன், உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகவில்லையா! பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? அட, இத்தனை நேரம் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே. முகவெட்டு நல்ல முகவெட்டு. நிறம் மட்டும் ஒரு படி, ஒன்றரைப் படி. அது ஒரு விஷயமே இல்லை. கண்டக்டர் தம்பி, மூணு பேர் இறங்கணும்! எழுந்திருங்கள், எழுந்திருங்கள், பின்னால் சங்கரன்கோவிலுக்கு வேற பஸ் வரும். ஆங், அந்த முதுகுப் பக்கத்தை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் கனம். மெதுவா.